அப்பாவின் ஹெரால்டு யாருக்கு?

வாசகர் கேள்வி: வழக்கறிஞர் பதில்

அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், வண்டி நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய அப்பா டர்னர். பதினேழு வயதில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில், அதாவது இரும்பைக் கடையும் எந்திரத்தில், கை வைத்தவர், பிறகு சொந்தமாக ஒரு லேத் வாங்கி, வாடகை ஷெட்டில் முப்பது வருடம் பிறர் கேட்கும் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் 68 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. வாசகிக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம். தம்பிக்கு ஓசூரில் வேலை. அப்பாவைப் பெற்ற ஆயா, 86 வயது, அரக்கோணம் பக்கத்துக் கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார்.

அப்பா விட்டுச் சென்றவை: அந்த லேத், ஷெட் அட்வான்ஸ், வங்கியில் கொஞ்சம் பணம், 90,000 ரூபாய் கடன், 1971 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று. கார் 1990இல் பழசாக வாங்கியது. லேத்தைத் தம்பி யாரையும் கேட்காமல் 1,40,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார். காருக்கும் கொச்சியிலிருந்து ஒருவர் மூன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறாராம். "பதினைந்து வருடம் தாண்டிய வண்டி சட்டப்படி குப்பைதான், இப்போதே தள்ளிவிடலாம். உனக்குச் சீர் செய்தாகிவிட்டது. அப்பா கடனை அடைக்கப்போவது நான்" என்பது தம்பியின் வாதம். அப்பாவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் அடியில் "ஹெரால்டு பாப்பாவுக்கு" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் இருக்கிறது என்பது அக்காவின் வாதம்.

இன்னொன்றும் உண்டு. தலைத்திவசத்துக்குள் அப்பாவின் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாகப் போட வாசகிக்கு ஆசை. "லேத்துக்காரருக்கு என்ன வரலாறு?" என்று தம்பி சிரித்தாராம். அந்தப் புத்தகத்தைத் தம்பி தடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விகள் ஆறேழு இருக்கின்றன. நான் திரும்பப் படித்தது அவற்றையல்ல. ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போல மேலே தூக்குகிற ஜாதி இல்லை, மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். அப்படிச் சாய்த்துவிட்டு, முன் டயரின் மேல் உங்களை உட்காரவைத்து, கையில் டார்ச்சைக் கொடுத்து, "பாப்பா, லைட்டை ஆட்டாதே" என்று சொல்லிக்கொண்டே அப்பா வேலை பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். அந்த டயரில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தீர்களாம். வண்டியை ஏன் விட முடியவில்லை என்று அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கம் விளக்கியிருக்க வேண்டியதே இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

சட்டத்துக்கு அது புரியாது. அது வேறு கணக்குப் போடும். முதலில் அதைப் பார்த்துவிடுவோம். உங்களுக்குப் பிடிக்காத ஒன்றிரண்டு பதிலும் இதில் இருக்கிறது.

நோட்டில் எழுதிய வரி உயில் ஆகுமா?

ஆகாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணத்துக்காக அல்ல. முத்திரைத்தாளில் எழுதவில்லை, ரிஜிஸ்டர் செய்யவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். உயிலுக்கு இரண்டும் கட்டாயமில்லை. கணக்கு நோட்டுத் தாளில்கூட உயில் எழுதலாம். வேண்டியது இரண்டு சாட்சிகள். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்கள், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே சொல்லக் கேட்டவர்கள், குறைந்தது இரண்டு பேர் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஷெட்டில் வேலை பார்த்த இரண்டு பையன்களை அன்றைக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் உங்கள் கையில் இருப்பது செல்லுபடியாகும் உயில். வாங்கவில்லை. ஆகவே சட்டப்படி உங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்தவர்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்ப நோட்டுக்குள்ளேயே வையுங்கள். ஒட்ட வேண்டாம், அப்படியே வையுங்கள்.

பங்கு எத்தனை பேருக்கு?

"எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி, அம்மா எதுவும் கேட்கமாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியும் அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது, உங்கள் பாதியை மட்டும்தான் மறுக்கிறார். இரண்டு பேர் கணக்கும் தப்பு. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் ஆகிய எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் வீட்டில் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. ஆயாவை நீங்கள் இருவருமே மறந்துவிட்டீர்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இறந்தவரின் அம்மாவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மகனைப் பறிகொடுத்த கிழவி எங்கே பங்கு கேட்கப்போகிறாள் என்று இருந்துவிடுகிறார்கள். தப்பு செய்கிற எண்ணமெல்லாம் கிடையாது.

இதில் ஒரு அவசரமும் உண்டு. ஆயா தன் பங்கை எழுத்தில் தீர்க்காமல் காலமானால், அந்தக் கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது சித்தப்பாவுக்கு, அத்தைகளுக்கு, இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் இருவருக்கும். ஒரு காருக்கு அப்புறம் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 86 வயது. தள்ளிப்போடாதீர்கள்.

சீர் செய்தது பற்றி: கல்யாணத்தில் போட்ட நகையோ சீரோ மகளின் வாரிசுரிமையைக் கழிக்காது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் காட்டி நீங்கள் வாதாடியிருக்கிறீர்கள். அது பூர்வீகச் சொத்து சம்பந்தப்பட்டது, இங்கே தேவையில்லை. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு 1956ஆம் ஆண்டின் மூலச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் ஆனதா, எப்போது ஆனது என்ற பேச்சே கிடையாது.

கடன் பற்றி: தம்பி சொல்வது பழைய காலத்து நியாயம். தகப்பன் கடனை மகன் தன் கைக்காசிலிருந்து அடைக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்லவில்லை. அப்பா விட்டுப்போன சொத்திலிருந்துதான் கடன் தீர வேண்டும், வாரிசுகளின் பொறுப்பு தங்களுக்கு வந்து சேர்ந்த அளவோடு சரி. ஆகவே கடன் தம்பியுடையது மட்டும் அல்ல, அதைக் காட்டிக் காரும் அவருடையது ஆகாது. இருந்தாலும், "நான் அடைக்கிறேன்" என்று அவர் முன்வந்ததைச் சூழ்ச்சி என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எட்டு மாதமாக அந்தக் கடன்காரர்களின் போனை எடுத்துப் பதில் சொல்வது யார்? அதை நீங்கள் எழுதவில்லை.

லேத்தை விற்றது

ஒருவர் தன் பங்கைத்தான் விற்கலாம். மற்ற மூன்று பேர் சம்மதமில்லாமல் முழு லேத்தையும் விற்றது தவறு. வழக்குப் போட்டால் கணக்குக் காட்ட வைக்கலாம். ஆனால் 1,40,000 ரூபாய்க்காக உங்கள் அம்மாவைக் கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லி எந்த நல்ல வக்கீலும் யோசனை சொல்லமாட்டார்.

உங்கள் கடிதத்தில் கார் என்று எழுதியிருக்கும் பல இடங்களில் லேத் என்று போட்டுப் படித்தால் கோபம் இன்னும் சரியாகப் பொருந்துகிறது. லாரியில் ஏற்றும்போது சக்கில், அதாவது லேத்தின் பிடியில், பாதி கடைந்த ஜாப் ஒன்று மாட்டியபடியே இருந்தது என்றும், அதைக் கழற்றிக்கூட வைக்காமல் கொண்டுபோனார்கள் என்றும் பக்கத்து ஷெட்காரர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைத் தம்பியிடம் நேராகச் சொன்னீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், சொன்னதாகத் தெரியவில்லை. காரைப் பற்றி மட்டும்தான் இதுவரை சண்டை.

பதினைந்து வருடமானால் வண்டி குப்பையா?

இல்லை. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் வந்த தடையைக் கேட்டுவிட்டு நாடு முழுக்க அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படித் தடை இல்லை. பதினைந்து வருடம் முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரி கட்ட வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025இல் மறுபடி கூட்டினார்கள்.

உங்கள் வண்டிக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, வணிகத்துக்கு ஓட்டாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021இல் தனி விதிகள் வந்தன. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அடுத்த முறை 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை, சேஸி, பாடி, இன்ஜின் மூன்றும் மூல வடிவில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலர் பழைய காரைப் பிடித்து உள்ளே டீசல் இன்ஜினை இறக்கினார்கள். "அம்பாசிடர் இன்ஜினைப் போடுங்க அண்ணே, பார்ட்ஸ் கிடைக்கும்" என்று எல்லோரும் சொன்னபோதும் அப்பா மறுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிடிவாதம் இப்போது உதவுகிறது. லேத்தில் அவர் கடைந்து போட்ட புஷ்களால், அதாவது தேய்மானத்துக்குப் போடும் சிறு குழல்களால், மூல வடிவம் கெட்டுவிடாது.

ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போகிற ஆசை இருந்தால் சாதாரணப் புதுப்பித்தலே போதும். என்னைக் கேட்டால், முதலில் ஐந்து வருடத்துக்குச் சாதாரணமாகவே புதுப்பியுங்கள். அப்பா அதை ஓடுகிற வண்டியாகத்தான் வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்ட ஃபாரம்

டேஷ்போர்டில் அப்பா கையெழுத்திட்ட 29, 30 ஆம் நம்பர் ஃபாரங்கள் இருக்கின்றன, அவற்றை வைத்தே பெயர் மாற்றிவிடலாம் என்று கொச்சிக்காரரின் புரோக்கர் சொன்னாராம். இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். உயிரோடு இருப்பவர் விற்பதற்கான படிவம் அது. இறந்தவர் விற்றதாகக் காட்டி அதைத் தாக்கல் செய்தால் மோசடி. தம்பி தெரியாமல் சரி என்று சொல்லியிருக்கலாம், மாட்டிக்கொள்ளப் போவது அவர்தான். இன்றைக்கே இரண்டு ஃபாரத்தையும் எடுத்துக் குறுக்கே கோடு போட்டு வையுங்கள்.

பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்து அனுப்புவதும் கூடாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிப்போனவர் எங்காவது யார் மீதாவது ஏற்றினால் நோட்டீஸ் அம்பத்தூருக்குத்தான் வரும்.

உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் 31ஆம் நம்பர் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் தாண்டிவிட்டது. உரிமை எதுவும் போய்விடவில்லை, அபராதம் கட்டினால் சரி. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி., மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அதில் ஆயா பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சான்றிதழ் வாரிசுகள் யார் யார் என்று சொல்லுமே தவிர யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

இன்சூரன்ஸ் அப்பா இறந்த மறுமாதமே முடிந்துவிட்டது என்கிறீர்கள். அம்மா தினமும் காலையில் கேட்டுக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறாராம். அது இருக்கட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. தம்பி போன மாதம் அதை எடுத்துக்கொண்டு ஆயாவைப் பார்க்கப் போய்வந்தார் பாருங்கள், அதுதான் ஆபத்து. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரியது, விபத்து என்று ஒன்று நடந்தால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

எப்படிப் பிரிப்பது?

வண்டியை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டால் சண்டை தீரும் என்று உறவினர் ஒருவர் சொன்னாராம். தீராது, பத்துப் பதினைந்து வருடம் தள்ளிப்போகும். நான் ஒரு கணக்குச் சொல்கிறேன். லேத் 1,40,000, கார் 3,50,000, மொத்தம் 4,90,000. கடன் 90,000 போக மிச்சம் நான்கு லட்சம், ஆளுக்கு ஒரு லட்சம். தம்பி கையில் லேத் பணம் 1,40,000 இருக்கிறது. அதில் கடனை அடைத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது 50,000. இன்னும் 50,000 அவருக்கு வர வேண்டும். கார் உங்களுக்கு என்றால் நீங்கள் தம்பிக்கு 50,000, அம்மாவுக்கும் ஆயாவுக்கும் தலா ஒரு லட்சம் தர வேண்டும். அவர்கள் இருவரும் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் உங்கள் கையிலிருந்து போவது 50,000 மட்டும். வங்கிப் பணத்தையும் ஷெட் அட்வான்ஸையும் தனியாக நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மனமுவந்து என்று சொன்னதைக் கவனியுங்கள். ஆயா முன்னால் பேப்பரை நீட்டி "இங்கே ரேகை வை" என்று சொல்லக் கூடாது. முதலில் ஒரு லட்சம் உங்களுக்கு வர வேண்டியது என்று சொல்லுங்கள். சித்தப்பாவும் கூட இருக்கட்டும். வேண்டும் என்று ஆயா சொன்னால் கொடுத்துவிடுங்கள், தவணையிலாவது.

முடிவானதை ஒரு குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமாக எழுதி நான்கு பேரும் கையெழுத்திடுங்கள். அசையும் சொத்து என்பதால் ரிஜிஸ்டர் செய்ய வேண்டியதில்லை. வண்டி எதிர்காலத்தில் விற்கப்பட்டால் முதலில் தம்பியைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அது ஏன் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது.

நோட்டிலிருந்து இன்னொரு வரியை எடுத்து எழுதியிருந்தீர்கள்: "ட்ரனியன். ஆயில் மட்டும், கிரீஸ் கூடாது. தம்பிக்குச் சொல்லணும்." அப்பா வண்டியை எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டார் என்பதற்கு உதாரணமாக அதைக் காட்டியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பழைய கார் மெக்கானிக் ஒருவரிடம் விசாரித்தேன். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குகிற தண்டு ட்ரனியன் என்ற ஒரு பித்தளைத் துண்டுக்குள் மரை போட்டு இறங்கி நிற்குமாம், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்புமாம். அதற்குக் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் சரியாக உள்ளே இறங்காது, தண்ணீர் புகுந்து துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். புதிய மெக்கானிக்குகள் எல்லோரும் கிரீஸ்தான் அடிப்பார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா தன் மகனைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார் என்று நீங்களே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். தனக்குப் பிறகு அந்த பானெட்டைச் சாய்த்து ஆயில் ஊற்றப்போவது மகன் என்று அவர் நினைத்திருக்கிறார். வண்டி பாப்பாவுக்கு, அதைப் பார்த்துக்கொள்கிற வேலை தம்பிக்கு. நான் அப்படித்தான் படிக்கிறேன். கோர்ட்டில் இது நிற்காது, நான் வாதாடவும் மாட்டேன். தம்பி இந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாரா? "ஹெரால்டு பாப்பாவுக்கு" என்ற பக்கத்தைத்தான் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள்.

லேத்துக்காரருக்கு என்ன வரலாறு?

புத்தகத்தைத் தம்பி தடுக்க முடியாது. அப்பாவைப் பற்றி உங்கள் வார்த்தையில் நீங்கள் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். நோட்டின் பக்கங்களை அப்படியே அச்சிடுவதுதான் வேறு விஷயம். எழுதியவர் இறந்த பிறகும் பதிப்புரிமை உண்டு. அது எல்லா வாரிசுகளுக்கும் சேர்ந்தது. ஏற்பாட்டுப் பத்திரத்திலேயே "நோட்டை அச்சிட நால்வருக்கும் சம்மதம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் முடிந்தது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. அப்பாவை ஏமாற்றிவிட்டுப் போன கூட்டாளியைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்தால் அவதூறு வழக்குப் போடலாம். இறந்துவிட்டாலும் அவர் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதியதாகக் காட்டினால் அதுவும் அவதூறுதான். பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டு, அந்த வருடம் வீட்டில் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை மாதம் ரேஷன் அரிசி, அப்பா எத்தனை ராத்திரி ஷெட்டிலேயே தங்கினார். படிப்பவருக்கு மீதி தானாகப் புரியும்.

தம்பியின் சிரிப்புக்கும் ஒரு பதில். கடனுக்காகச் சொத்தை ஜப்தி செய்யும்போதும் கைவினைஞரின் தொழில் கருவிகளைத் தொடக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. சமையல் பாத்திரத்துக்கும் உடுதுணிக்கும் பக்கத்தில் கருவிகளை வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கருவியை ஐம்பது வருடம் கையில் வைத்திருந்தவருக்கு எழுத ஒன்றும் இருக்காதா?

நிறைய இருக்கிறது, ஆனால் உங்களிடம் இருப்பது பாதிதான். நீங்கள் அனுப்பிய மாதிரி அத்தியாயத்தைப் படித்தேன். "அன்பானவர், பண்பானவர், உழைப்பாளி, குடும்பத்தின் தூண்" என்று போகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எல்லா அப்பாக்களுக்கும் இதையேதான் போடுகிறார்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பையனாக இருந்தபோது அம்பத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்துச் சோழவரம் போவார் என்று. போர்க்கால விமான ஓடுதளத்தில் அந்த நாளில் கார் பந்தயம் நடக்கும். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் வேலிக்கு வெளியே மரத்தில் ஏறிப் பார்த்ததாக அவர் சொல்வாராம். வண்டி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சத்தத்தை வைத்தே எந்த கியரில் போகிறது என்று சொல்லிவிடுவாராம். உங்கள் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அந்த மரம்தான்.

அப்புறம் அந்த ஹெரால்டு. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961இலிருந்து ஹெரால்டு செய்தது, நம்ம ஊர்க் கார். எண்பதுகளின் கடைசியில் அந்தக் கம்பெனி கார் செய்வதையே நிறுத்திவிட்டது. இனி பார்ட்ஸ் கிடைக்காது என்று எல்லோரும் வந்த விலைக்குத் தள்ளிய நேரத்தில் உங்கள் அப்பா 1990இல் ஒன்றை வாங்குகிறார். பைத்தியமா என்று அம்மா கேட்டாராம். கிடைக்காததை நானே கடைந்துகொள்கிறேன் என்றாராம். பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் தேடிக் கிடைத்ததை வாங்கியிருக்கிறார், கிடைக்காததை ஞாயிற்றுக்கிழமைகளில் கடைந்திருக்கிறார். அந்த அளவுகள்தான் நோட்டில் இருக்கின்றன. புஷ் அளவுக்குப் பக்கத்திலேயே "பாப்பா பாஸ்", "தம்பிக்குக் காய்ச்சல், மெஷின் லீவு" என்றும் எழுதியிருக்கிறார். ஒரே நோட்டு, ஒரே பேனா. அதை வகைபிரித்து, தொழில் ஒரு அத்தியாயம், குடும்பம் ஒரு அத்தியாயம் என்று போடாதீர்கள். அவர் எழுதிய வரிசையிலேயே விடுங்கள்.

மீதிப் பாதி மற்றவர்களிடம் இருக்கிறது. ஷெட்டில் வேலை பழகிய பையன்கள் இப்போது எங்கே என்று பக்கத்து ஷெட்காரருக்குத் தெரியும். முதல் நாள் அப்பா என்ன வேலை கொடுத்தார், எதற்கு அடித்தார் என்று கேளுங்கள். "எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் "தங்கமானவர்" என்ற பதில்தான் வரும். சக்கில் மாட்டியிருந்த அந்தப் பாதி ஜாபையும் தேடுங்கள். லேத் வாங்கியவர் அதைக் கழற்றி எங்காவது மூலையில் போட்டிருப்பார், அதற்கு விலை ஒன்றும் இல்லை. எந்தப் பம்புக்கு, எந்த வண்டிக்கு அது போக வேண்டியிருந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கம் சொல்லும். தம்பியிடமே அந்த வேலையைக் கொடுங்கள். லேத் வாங்கியவரின் நம்பர் அவரிடம்தான் இருக்கிறது.

சோழவரத்துக்குச் சைக்கிள் மிதித்த பையனைப் பார்த்தவர் இப்போது உயிரோடு இருப்பவர்களில் ஆயா ஒருவர்தான். பள்ளிக்கூடத்தை விட்டு எதற்காக லேத்துக்குப் போனார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசவிடுங்கள். ஒரே நாளில் வேண்டாம், அடிக்கடி போய்வாருங்கள். சம்மதப் பத்திரத்தைப் பற்றிய பேச்சை முதல் தடவையே எடுக்க வேண்டாம். போகும்போது தம்பியையும் அழைத்துப் போங்கள். ஹெரால்டில் அல்ல, இன்சூரன்ஸ் போடும்வரை அது கேட்டுக்குள்ளேயே நிற்கட்டும். அரக்கோணம் லோக்கல் அம்பத்தூரிலேயே நிற்கும்.